டபிள்யூ.சி. பாலிசி கையில் இருக்கிறதா? இரண்டாம் பக்கத்தைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் சின்ன அளவில் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஒயர்மேன், ஹெல்பர் என்று என்னிடம் ஆறு பேர். பத்துப் பேர் இல்லாததால் ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு கிடையாது. வேலையில் ஆளுக்கு ஏதாவது ஆனால் முழுப் பொறுப்பும் என் தலையில்தான்.

2023 மே மாதம் ஒரு சாயப்பட்டறையில் பேனல் போர்டு மாற்றும் வேலை கிடைத்தது. டபிள்யூ.சி. பாலிசி, அதாவது வேலையில் ஆளுக்கு அடிபட்டால் முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ், அதைக் காட்டாமல் கேட் பாஸ் தரமாட்டோம் என்றார்கள். பல வருடமாக என் பைக்குக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தந்த ஏஜென்ட்டையே கேட்டேன். "ஆறு பேருக்கு 9,800 ரூபாய் ஆகும் தம்பி, நாளைக்கே வந்துரும்" என்றார். அவருடைய ஜிபே நம்பருக்கே பணத்தை அனுப்பினேன். விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். மற்றதை அவரே நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர் சரியாக இருந்தது, மூடிவிட்டேன். பட்டறை ஆபீசிலும் அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

ஆகஸ்டில் அந்தப் பேனலில் வேலை நடந்தபோது ஈ.பி. சப்ளையை நிறுத்தியிருந்தோம். ஜெனரேட்டர் பக்கமிருந்து பேனலுக்குள் இருக்கும் பஸ்பார் என்ற உலோகப் பட்டைக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஒரே பிளாஷ். 25 வயது ஹெல்பருக்கு வலது கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோனது. 19 நாள் ஆஸ்பத்திரி, பில் 2,86,000 ரூபாய்.

பாலிசிதான் இருக்கிறதே என்று தைரியமாக கிளைம் போட்டேன். விசாரணைக்கு வந்தவர் வருகைப் பதிவேடும் சம்பள ரிஜிஸ்டரும் கேட்டார். பிறகு பாலிசியின் இரண்டாம் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். ஆட்கள்: 2. மாதச் சம்பளம்: தலைக்கு 8,000. தொழில்: மின்சாதனக் கடை விற்பனை. வேலை நடக்கும் இடம்: என் வீட்டு விலாசம். பிரீமியம் ஜிஎஸ்டி சேர்த்து 3,140. எனக்குக் கடையே கிடையாது. வீட்டு முன்னறையில் நாலு காயில் ஒயர் கிடக்கும், அவ்வளவுதான். மீதி 6,660 ரூபாய் எங்கே போனது என்று கேட்க வேண்டியதே இல்லை.

கிளைம் நிராகரிக்கப்பட்டது. ஏஜென்ட்டுக்கு போன் போட்டால் முதலில் "உங்களுக்கு பிரீமியம் குறையட்டும்னுதான் அப்படிப் போட்டேன்" என்றார். 9,800 வாங்கிக்கொண்டு இந்தப் பேச்சு! நான் குரலை உயர்த்தியதும், "கையெழுத்து நீங்கதானே போட்டீங்க" என்று மாறிவிட்டார். அது உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் முதலாளியின் பொறுப்பு போய்விடாது. அப்போதிருந்த 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி சிகிச்சைச் செலவு முழுக்க நான்தான் தர வேண்டும். அந்த ஹெல்பர் வேலைக்கு வராத மூன்று மாதத்துக்கு, பதினைந்து நாளைக்கு 3,750 வீதம் 22,500 தனி. வீட்டு நகை அடகுக்குப் போனது. தொழிலாளர் துறையில் தெரிந்த ஒருவர், பையன் இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சம்பள உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. 25 வயதுக்குச் சட்டத்தில் போட்டிருந்த பெருக்கு எண் 216.91. பெருக்கினால் 16,26,825 ரூபாய். 8,000 சம்பளம் என்று எழுதிய பாலிசியைக் கம்பெனி அப்படியே ஏற்றிருந்தாலும் கணக்கு 8,67,640-இல் நின்றிருக்கும். மீதியை நான் எங்கே போய்ப் புரட்டுவது?

இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. சாதாரண டபிள்யூ.சி. பாலிசியில் ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் வராது. கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். மேஸ்திரி மூலம் சப் கான்ட்ராக்டில் கூட்டி வரும் ஆட்களும் அப்படித்தான், கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. எரிந்த பேனலுக்காகப் பட்டறைக்காரர்கள் என் பில்லில் 40,000 பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதிரி நஷ்டம் டபிள்யூ.சி.யில் வரவே வராது. நம்மால் அடுத்தவர் பொருளுக்கு வரும் நஷ்டத்துக்கு 'லயபிலிட்டி' இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

இப்போது புது பாலிசி எடுத்திருக்கிறேன். பணத்தை நேராகக் கம்பெனி அனுப்பிய லிங்க்கில் கட்டினேன். தொழில் என்ற இடத்தில் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் வேலை, இடம் தமிழ்நாடு முழுவதும் என்று போட வைத்தேன். ஆள் கூடினால் அன்றே மெயில் அனுப்பிச் சேர்த்துவிடுகிறேன்.

பழைய விவகாரத்தில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு ஒரு மாதமாகியும் பதில் தரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் சென்னையில் புகார் கொடுத்திருக்கிறேன். தனி உரிமையாளர் தொழில்களும் அங்கே போகலாம், கட்டணம் கிடையாது. கையெழுத்து என்னுடையது என்பதால் எவ்வளவு தேறும் என்று பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் இன்றைக்கும் காலையில் வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் படம் அனுப்புகிறார். பிளாக் செய்யவில்லை. "ஆறு பேருக்கு 9,800" என்று அவர் டைப் செய்ததும் அதே சாட்டில்தான் இருக்கிறது.