10 அங்குலம் என்று வாங்கிய தொலைநோக்கி: 6 அங்குலம்தான் வேலை செய்கிறது

பெரிய பிரதிபலிப்புத் தொலைநோக்கிக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வழியில் யார் வேண்டுமானாலும் யாரிடமும் விற்கலாம்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 10 அங்குல டாப்சோனியன் (எளிய சுழல் தாங்கியில் நிற்கும் பிரதிபலிப்புத் தொலைநோக்கி, 10 அங்குலம் அதன் ஆடியின் விட்டம்), எஃப்/5 (குவியத் தொலைவு ஆடி விட்டத்தைப்போல் 5 மடங்கு), பரவளைய ஆடி (நட்சத்திர ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவு). பட்டப்பகலில் 32 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டுத் தூரத்துச் செல்போன் கோபுரத்தைக் காட்டினார். ஒவ்வொரு போல்ட்டும் தெளிவாகத் தெரிந்தது. இரவில் சனியை 200 மடங்கில் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எந்தப் பக்கம் திருகினாலும் ஃபோகஸ் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வளையம் தெரிந்தது, அதைப் பிரிக்கும் காசினி இடைவெளி என்ற கறுப்புக் கோடு தெரியவே இல்லை. நட்சத்திரங்கள் பஞ்சுபோல் உப்பியே நின்றன.

கேட்டதற்கு "கொலிமேஷன் சரியில்லை, பின்பக்கத் திருகுகளைத் திருப்புங்கள்" என்றார். கொலிமேஷன் என்றால் ஆடிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது. அதற்கான செஷயர் என்ற கருவியை வைத்து ஒழுங்காகச் செய்தேன், மாற்றமில்லை. அடுத்து "காற்று கலங்கியிருக்கும்" என்றார். பக்கத்திலேயே நண்பரின் 6 அங்குலக் குழாயை நிறுத்தி அதே இரவில் பார்த்தோம். அதில் காசினி இடைவெளி கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அடுத்த பழி ஐபீஸ்மேல் விழுந்தது. நண்பரின் குழாயில் நாங்கள் போட்டதும் அதே ஐபீஸ்தான்.

பிறகு விண்மீன் சோதனை செய்தோம். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஃபோகஸுக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் கொண்டுபோனால், நல்ல ஆடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையங்கள் வரும். என் குழாயில் உள்பக்கம் வெளிவளையம் பளிச்சென்று கூர்மையாக இருந்தது. வெளிப்பக்கம் விளிம்பே கலைந்து மங்கியது. ரோங்கி தட்டில் (நெருக்கமான கோடுகள் போட்ட சோதனைத் தட்டு) கோடுகள் நேராக வராமல் வளைந்தன. சந்தேகத்துக்கு இடமில்லை, அது பரவளைய ஆடியே அல்ல. வெறும் கோள ஆடி, விளிம்பின் ஒளியையும் நடுவின் ஒளியையும் ஒரே இடத்தில் குவிக்காது.

கோள ஆடி எல்லா இடத்திலும் குற்றமில்லை. 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள சிறிய குழாயில் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் 10 அங்குலம், எஃப்/5 என்றால் விளிம்பில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 மைக்ரோமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடியில் விளிம்பில் நேர்ந்த பிழை 2.2 மைக்ரோமீட்டர்தான், அதைச் சரிசெய்ய 1993இல் விண்வெளி வீரர்கள் போகவேண்டியிருந்தது.

பகல் காட்சியின் தந்திரம் இப்போது புரிகிறது. எஃப்/5 குழாயில் 32 மி.மீ. ஐபீஸ் போட்டால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 6.4 மி.மீ. வெயிலில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். ஆடியின் நடுப்பகுதி ஒளி மட்டுமே கண்ணுக்குள் போகும். பிழையுள்ள விளிம்பின் ஒளி வெளியே நின்றுவிடும். 40 மடங்கில், பகலில், எந்த மட்டமான ஆடியும் தேறிவிடும்.

அட்டையில் 150 மி.மீ. துளை வெட்டிக் குழாயின் வாயை மூடிப் பார்த்தேன். சனி உடனே கூர்மையானது. அதாவது, நான் பணம் கொடுத்த ஆடிப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உருப்படியான படம் தருகிறது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பின்பக்கத் திருகுகளைத் தொட்டதால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். திருப்பச் சொன்னதே அவர்தான்! கொலிமேஷன் திருகுகள் இருப்பதே திருப்புவதற்குத்தான். ரசீதைக் காட்டினேன், அதில் "10 அங்குலத் தொலைநோக்கி" என்று மட்டும் இருந்தது, பரவளையம் என்ற சொல்லே இல்லை.

ஆகவே ரசீதில் ஆடியின் விட்டம், குவியத் தொலைவு, பரவளையம் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். இரவில் நட்சத்திரத்தை வைத்து, குறைந்தது 200 மடங்கில் பார்க்காமல் முழுப்பணம் தராதீர்கள். மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். குழாயின் நீளத்தையும் கவனியுங்கள்: 1000 மி.மீ. குவியத் தொலைவு என்று எழுதிவிட்டுக் குழாய் அரை மீட்டரே இருந்தால், ஃபோகஸருக்குள் (ஐபீஸைப் பொருத்தும் குழல்) ஒரு வில்லையை ஒளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வகையில் கொலிமேஷனே பெரும்பாடு. "675 மடங்கு பெரிதாக்கும்" என்ற அட்டைப்பெட்டி வாசகத்தை நம்பாதீர்கள். 10 அங்குலத்துக்கு 500தான் உச்சம், பெரும்பாலான இரவுகளில் காற்று அதில் பாதியைக்கூட அனுமதிக்காது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட குழாயில் மாட்டிக்கொண்டவர்கள் அதைத் தூக்கி எறியவேண்டாம். ஆடி தேய்ப்பவர்கள் முதலில் கோளமாக்கிய பிறகுதான் பரவளையமாக்குகிறார்கள், எனவே உங்கள் ஆடி பாதியில் நிறுத்தப்பட்ட ஆடி. அலுமினியப் பூச்சைக் கரைத்து, மெருகிட்டு வடிவம் திருத்தி, மறுபடி பூச்சு போடலாம். என்னுடையது இப்போது அப்படித் தேய்க்கத் தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது.