சர்ச்சிலா, டோனி பென்னா?

பிரிட்டன் தேர்தல்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவரின் தேர்தல் வரலாற்றைத்தான் படிக்க முடியும் என்றால், யாருடையது? பிரதமராக இருந்த சர்ச்சிலுடையதா, தொழிற்கட்சி எம்.பி.யாக இருந்த டோனி பென்னுடையதா?

கட்சி: சர்ச்சில் இருமுறை மாறினார். பென் கடைசிவரை தொழிற்கட்சி.

தொகுதி: சர்ச்சிலுக்கு ஓல்டம் முதல் வுட்ஃபோர்டு வரை ஐந்து. பென்னுக்குப் பிரிஸ்டல், பிறகு செஸ்டர்ஃபீல்டு.

தோல்வி: சர்ச்சிலுக்கும் ஐந்து. 1922இல் டண்டியில் அவரை வீழ்த்தியவர் மதுவிலக்குக் கட்சிக்காரர் (மதுப்பிரியரான சர்ச்சிலை!). 1924 வெஸ்ட்மின்ஸ்டர் இடைத்தேர்தலில் 43 வாக்குகளில் தோற்று, அதே ஆண்டில் எப்பிங்கில் வென்றார். பென் வாக்கில் தோற்றது 1983இல் மட்டுமே. ஆனால் தந்தையின் பிரபுப் பட்டம் தலையில் விழுந்தது; பிரபுக்கள் காமன்ஸ் சபையில் (மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையில்) அமர முடியாது. அதனால் 1961 இடைத்தேர்தலில் வென்றும், இடம் தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கே போனது. பட்டத்தைத் துறக்கலாம் என 1963இல் சட்டம் மாறிய பிறகே திரும்பினார்.

வாக்காளர் மனநிலையை அறியச் சர்ச்சில்; சட்டத்துக்கும் வாக்குக்கும் நடந்த மோதலை அறியப் பென். என் தேர்வு பென்தான்.