காதில் அடிபட்டால் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்

விளையாடும்போது என் மகனின் காதில் பந்து பலமாகப் பட்டுவிட்டது. சுருக்கென்று வலி, லேசாக ரத்தம், அப்புறம் அந்தப் பக்கம் அடைத்த மாதிரி இருக்கிறது என்றான். பக்கத்தில் இருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்தவர் காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. "அழுக்கு அடைச்சிருக்கு, சுத்தம் பண்ணினா சரியாயிடும்" என்று சொல்லி, பெரிய சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றி வேகமாகப் பீய்ச்சினார். பையன் அலறிவிட்டான். "அப்பா, எல்லாம் சுத்துது" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். "அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் பதில். சுத்தம் செய்ததற்குத் தனியாக, சொட்டு மருந்துக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

காதில் சீழ் வடிய ஆரம்பித்ததும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடினோம். கருவியை வைத்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: செவிப்பறை கிழிந்திருக்கிறது, பீய்ச்சிய தண்ணீர் அந்த ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் கிருமியைக் கொண்டுபோயிருக்கிறது. சொட்டு மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்தவர் முகமே மாறிவிட்டது. ஜென்டாமைசின். கிழிந்த செவிப்பறை வழியாக உள்ளே இறங்கினால் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடிய மருந்து. இத்தனைக்கும் இப்படிக் கிழிந்த செவிப்பறை, நனையாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்கு 2, 3 மாதங்களில் தானாக மூடிக்கொள்ளுமாம். அதைக் கேட்டபோதுதான் ஆத்திரம் தாங்கவில்லை.

காதுக்குள் அடிபட்டு ரத்தமோ நீரோ வந்தால் எண்ணெய், தண்ணீர், சொட்டு மருந்து, பட்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. உள்ளே பஞ்சைத் திணிக்காமல் வெளியே சுத்தமான துணியை லேசாக வைத்து, அடிபட்ட காது கீழே இருக்கும்படி சாய்த்தால் வடிவது வடிந்துவிடும். மூக்கைப் பலமாகச் சிந்தவும் வேண்டாம். தலையிலும் அடிபட்டு, காதிலிருந்து தெளிந்த நீர் மாதிரி வடிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். ஆளை அசைக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். காதுமடல் ரத்தம் கட்டி வீங்கினாலும் அலட்சியம் வேண்டாம், ஓரிரு நாளுக்குள் ரத்தத்தை எடுக்காவிட்டால் மடலின் வடிவமே மாறிப்போகும்.

யாராவது காதில் சிரிஞ்சை வைக்க வந்தால், "முதலில் செவிப்பறையைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பார்க்க மறுத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.