கிங்ஸ்டன் பாரிஷ்: பத்திரத்தில் மட்டும் பெயர் இருக்கிற ஊர்

கனடாவில் இருக்கும் அம்மாவின் வீட்டுப் பத்திரத்தில் இடம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: நியூ பிரன்ஸ்விக் மாகாணம், கிங்ஸ் கவுண்டி, கிங்ஸ்டன் பாரிஷ். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி; அதன் நிர்வாகத்தை 1967லேயே கலைத்துவிட்டார்கள். அதற்குள் அடங்கும் பாரிஷுக்கு மன்றமும் இல்லை, தலைவரும் இல்லை, கதவைத் தட்டிக் கேட்க ஓர் அலுவலகமும் இல்லை. ஆனால் நிலம், எல்லை, மக்கள்தொகைக் கணக்கு எதை எடுத்தாலும் இந்தப் பெயர்தான் வருகிறது.

நான் பதினொரு வயதில் அப்பா, அம்மாவோடு வந்து இறங்கிய ஊர் இது. இருபது வருடம் இங்கே வாழ்ந்துவிட்டு வேலைக்காக சிங்கப்பூர் போனேன். இப்போதும் யாராவது ஊர் எது என்று கேட்டால் வாயில் முதலில் வருவது கிங்ஸ்டன்தான். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுப் பத்திரத்தை அம்மா பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும், காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும், அம்மாவின் கால் புண்ணுக்கு என்ன ஏற்பாடு என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று வேலைகளோடு 2024 மே மாதம் மூன்று வாரம் போயிருந்தேன்.

செயின்ட் ஜான் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரத்தில் கொண்டோலா பாயின்ட் துறைக்கு வந்துவிடலாம். அங்கே கென்னபெகேசிஸ் ஆறு குறுக்கே வரும். பாலம் கிடையாது, ஃபெரிதான். ஆற்றின் அடியில் கரைக்குக் கரை இரும்பு வடம் கிடக்கிறது. படகின் எந்திரம் அந்த வடத்தைப் பற்றி இழுத்துக்கொண்டே நகர்கிறது. படகு கடந்ததும் வடம் மறுபடி அடியில் போய்ப் படிந்துவிடும், மற்றப் படகுகளுக்கு இடைஞ்சல் இல்லை. இந்த ஏற்பாட்டை 1900களின் தொடக்கத்தில் இதே துறையில் செய்துகாட்டியவர் வில்லியம் பிட் என்ற உள்ளூர்க்காரர். பயணம் ஐந்து நிமிடம்கூட இல்லை. மாகாணம் இதைச் சாலையின் ஒரு பகுதியாகவே நடத்துகிறது, அதனால் கட்டணம் இல்லை. இரவு பதினொன்றரைக்குப் போய் நின்றேன். என் கார் ஒன்றுதான். அந்த ஒரு காருக்காகவும் படகு வந்தது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கிங்ஸ்டன் ஒரு தீபகற்பம். ஒரு பக்கம் செயின்ட் ஜான் ஆற்றின் அகன்ற நீட்சி, மறுபக்கம் கென்னபெகேசிஸ், வடகிழக்கில் பெல்லைல் வளைகுடா. இங்கே வளைகுடா என்றாலும் அது ஆற்றின் ஒரு கைதான். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ, தரைவழியாக வெளியே போக ஹாம்ப்டன் பக்கம் சுற்ற வேண்டும். செயின்ட் ஜான் ஆற்றுக்கு அதன் மண்ணின் மக்கள் வைத்த பெயர் வொலாஸ்தொக். அழகும் வளமும் நிறைந்த ஆறு என்று பொருள். அந்த மக்களின் பெயரும் ஆற்றின் பெயரிலிருந்தே வந்தது. 1604 ஜூன் 24 அன்று, யோவான் ஸ்நானகன் (ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்) திருநாளில், பிரெஞ்சுக் கடலோடி சாம்ப்ளேன் இந்த ஆற்று முகத்துக்கு வந்து இன்றைய பெயரைச் சூட்டினார்.

ஆறு கடலில் விழும் இடம் குறுகலான பாறை இடுக்கு. வெளியே இருப்பது ஃபண்டி விரிகுடா, உலகத்திலேயே மிக உயரமான ஏற்றவற்றம் உள்ள கடல். ஏற்றம் வரும்போது கடல் ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு வருகிறது. வசந்தத்தில் மேலே பனி உருகி வெள்ளம் இறங்கினால், அந்த இடுக்கு வழியாக ஒரேயடியாக வெளியேற முடியாமல் தண்ணீர் பின்னால் தேங்கிக் கீழ்ப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவும். 2018ல் செயின்ட் ஜான் நகரில் நீர்மட்டம் 5.7 மீட்டரைத் தொட்டது, 4.2 மீட்டரைத் தாண்டினாலே வெள்ளம் என்று அறிவிப்பார்கள். அடுத்த வருடமே மீண்டும் ஒரு பெருவெள்ளம். இந்த முறை நான் போனபோது தாழ்ந்த வயல்களில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது, அவ்வளவுதான். அம்மா மட்டும் தினமும் காலையில் ஜன்னல் வழியே ஆற்றின் ஓரத்தில் நிற்கும் ஒரு மேப்பிள் மரத்தின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுகிறார். அப்பாவின் பழக்கம் அது.

பத்திர வேலைக்கு வருகிறேன். பாரிஷ் என்றதும் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘பங்கு’ நினைவுக்கு வரும். ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரைத்தான் எடுத்தார்கள், ஆனால் இங்கே அது அரசாங்க எல்லை. நம் வருவாய்க் கிராமம், பிர்கா மாதிரி வைத்துக்கொள்ளலாம். 1784ல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து நியூ பிரன்ஸ்விக் பிரிந்தது. மறுவருடம் கவுண்டிகள். 1786ல் கூடிய முதல் சட்டமன்றம் கவுண்டிகளைப் பாரிஷ்களாகப் பிரித்தது. அந்த முதல் பட்டியலிலேயே கிங்ஸ்டன் இருக்கிறது. 1795ல் ஹாம்ப்டன், நார்ட்டன், கிரீனிச் என்று பக்கத்தில் புதிய பாரிஷ்கள் தோன்றின.

எங்கள் வக்கீல் ஒரு பொறுமைசாலி. இங்கே பழைய பத்திரப்பதிவு முறையில் கிடக்கும் நிலத்தைப் புதிய உரிமைப் பதிவுக்கு மாற்றும்போது, பழைய பத்திரங்களை எல்லாம் படித்து வக்கீல்தான் சான்றளிக்க வேண்டும். நம் சர்வே நம்பர் போல ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் எண் உண்டு. மாகாணத்தின் இலவச இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் எல்லைக்கோட்டைப் பார்க்கலாம். இந்த வேலை தடையில்லாமல் முடிந்தது. ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொன்று. பாரிஷ் எல்லை எது என்று கேட்டேன். மாகாணத்தின் பிரதேசப் பிரிவினைச் சட்டத்தைத் திறந்து காட்டினார். இன்னாருக்கு வழங்கப்பட்ட நிலத்தின் மூலையில் தொடங்கி, இன்னாருடைய மானிய நிலத்தின் பக்கக்கோடு வழியே போய், ஆற்றங்கரையைத் தொட்டு என்றுதான் இந்த மாகாணத்தில் பாரிஷ் எல்லைகள் எழுதப்படுகின்றன. இருநூறு வருடத்துக்கு முன்னால் நிலம் பெற்றவர்களின் பெயர்கள் இன்றைய சட்டத்தில் எல்லைக் கற்களாக நிற்கின்றன. அவர்களுக்கும் முன்னால் அந்தக் கரையில் வாழ்ந்த வொலாஸ்தொக் மக்களின் பெயர் அந்த வரிகளில் இல்லை. அதை நினைத்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

அந்த மானிய நிலங்களைப் பெற்றவர்கள் யார் என்றால், அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று தோற்றவர்கள். 1783 வசந்தத்தில் ‘யூனியன்’ என்ற கப்பலில் கனெக்டிகட், லாங் ஐலண்ட் பக்கத்திலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டு வந்தார்கள். அவர்களில் பலர் குடியேறிய இடம் கிங்ஸ்டன். 1789ல் அவர்கள் கட்டிய ட்ரினிட்டி தேவாலயம் குன்றின் மேல் இன்றும் நிற்கிறது. மாகாணத்தில் நிற்கும் ஆங்கிலிக்கன் ஆலயக் கட்டிடங்களில் அதுதான் மூத்தது. அன்று கவுண்டியின் தலைநகரும் கிங்ஸ்டன்தான். நீதிமன்றம், சிறை எல்லாம் இருந்தன. 1814ல் ஹென்றி மோர் ஸ்மித் என்ற குதிரைத் திருடனை இங்கே அடைத்தார்கள். எத்தனை விலங்கு போட்டாலும் உடைத்தான்; அடைபட்ட அறைக்குள் வைக்கோலால் பொம்மைகள் செய்து ஆட்டிக்காட்டினான். அவனைக் காவல் காத்த ஷெரிஃப் வால்டர் பேட்ஸ், அந்த யூனியன் கப்பலில் வந்தவர்களில் ஒருவர். பள்ளியில் எங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாத ஆசிரியரே கிடையாது.

அந்தக் காலத்தில் பாரிஷ் வெறும் பெயரில்லை. வருடா வருடம் ஊழியர்களை நியமிப்பார்கள்: வேலி பார்ப்பவர், அலையும் பன்றிகளைப் பிடிப்பவர், சாலை மேற்பார்வையாளர், ஏழைகளைக் கவனிப்பவர். கடைசியாகச் சொன்னதில் ஒரு கொடுமையும் உண்டு. கிங்ஸ் கவுண்டியில் ஏழைகளை ஏலம் விட்டார்கள். ‘இவரை வருடத்துக்கு இவ்வளவுக்கு வைத்துச் சோறு போடுகிறேன்’ என்று யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவரிடம் ஆளை ஒப்படைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இது நடந்தது. பழைய உள்ளாட்சி பொன்னானது என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

1860ல் செயின்ட் ஜானிலிருந்து கடலோர ஊரான ஷெடியாக்குக்கு ரயில் பாதை திறந்தது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹாம்ப்டன் வழியாகப் போயிற்று. ஆற்றை நம்பியிருந்த கிங்ஸ்டனின் முக்கியத்துவம் அதோடு சரிந்தது. 1870களில் நீதிமன்றமும் தலைநகரும் ஹாம்ப்டனுக்குப் போய்விட்டன. அப்புறமும் கிங்ஸ்டன் ஒரு காரியத்தில் முந்திக்கொண்டது. 1904ல், மாண்ட்ரியல் புகையிலை வணிகர் வில்லியம் மெக்டொனால்டின் பணத்தில், சிதறிக் கிடந்த ஓரறைப் பள்ளிகளை ஒன்றாக்கி இங்கே ஒரு பெரிய பள்ளி கட்டினார்கள். பிள்ளைகளைக் குதிரை வண்டி வீடு வீடாக ஏற்றி வரும். கனடாவில் இப்படித் தொடங்கிய முதல் சில பள்ளிகளில் ஒன்று. அதே பெயரில் இன்றும் நடக்கும் அந்தப் பள்ளியில்தான் நான் ஆங்கிலம் கற்றேன்.

மாகாணத்தையே மாற்றிப்போட்டது 1967. லூயி ரோபிஷோ மாகாண முதல்வராக இருந்த காலம். தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்த முதல் அகாடியர் அவர்; இந்தப் பகுதியில் முன்பே குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்களைத்தான் அகாடியர் என்பார்கள். அதுவரை பள்ளி, மருத்துவம், ஏழை நலன் எல்லாமே அந்தந்தக் கவுண்டி வசூலிக்கும் சொத்துவரியில் ஓடின. வடக்கே ஏழைக் கவுண்டிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவே திணறினார்கள். ரோபிஷோ கவுண்டி மன்றங்களைக் கலைத்து இந்தச் சேவைகளை மாகாணத்தின் பொறுப்பாக்கினார். திட்டத்தின் பெயர் ‘சம வாய்ப்பு’. அது நியாயமான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நகரம், கிராமம் என்று பதிவாகாத இடங்களுக்கு மன்றமே இல்லாமல் போயிற்று. ‘உள்ளூர்ச் சேவை வட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். தீயணைப்பும் குப்பையும் அதன் கணக்கில் நடந்தன, முடிவு அமைச்சர் கையில். மாகாண மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி இல்லாமல் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். நாங்களும்தான்.

2023 ஜனவரி 1 அன்று அதையும் மாற்றினார்கள். 340 உள்ளூர் அமைப்புகளைச் சுருக்கி 89 ஆக்கினார்கள்: 77 உள்ளாட்சிகள், 12 ஊரக மாவட்டங்கள். கிங்ஸ்டன் பாரிஷ் இப்போது ஃபண்டி ஊரக மாவட்டத்தில் சேர்கிறது. ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அது ஆலோசனைதான் சொல்லும்.

இதெல்லாம் வரலாறு என்று விட்டுவிடலாம்தான், காப்பீட்டு வேலை வராமல் இருந்திருந்தால். ஒரு நிறுவனம் அம்மாவுக்கு அனுப்பிய புதுப்பிப்புக் கடிதத்தில் வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில் உள்ள ஒரு நகரத்தில் இருப்பதாகப் போட்டிருந்தது. அவர்கள் கணினிப் படிவத்தில் நகராட்சியின் பெயர் கட்டாயம். எங்களுக்கு நகராட்சி இல்லை, அதனால் யாரோ பக்கத்தில் இருந்ததைத் தேர்ந்துவிட்டார்கள். சின்ன விஷயம் இல்லை இது. தீ காப்பீட்டுக்கு, தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் தரும் குழாய் முனையும் தீயணைப்பு நிலையமும் எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் கட்டணம். அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு குழாய் முனை. இங்கே வண்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வரும் தன்னார்வலர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் ‘நீங்கள் தவறான தகவல் தந்தீர்கள்’ என்று அம்மாவிடம்தான் கேட்பார்கள். நான்கு முறை தொலைபேசினேன். ஒவ்வொரு முறையும் புது ஆள். ‘உங்கள் ஊர் மேயர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள்’ என்றார் ஒருவர். எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில் பத்திர நகல், வரைபடத்தின் எண், வரி ரசீது மூன்றையும் சேர்த்து, இது பாரிஷ், இதற்கு மேயர் இல்லை, இருந்ததும் இல்லை என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.

அம்மாவின் கால் புண் விஷயத்தில் எனக்கு நேர்மாறான அனுபவம். வாரம் இரண்டு முறை நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ‘எக்ஸ்ட்ரா மியூரல்’ என்கிறார்கள், சுவருக்கு வெளியே உள்ள மருத்துவமனை. அன்றைய சுகாதார அமைச்சர் பிரெண்டா ராபர்ட்சன் காலத்தில், 1981ல் நியூ பிரன்ஸ்விக் தொடங்கியது. கட்டு மாற்றி, மருந்தைச் சரிபார்த்து, மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறதே என்று அதையும் குறித்துக்கொண்டு போனார். கைப்பிடியை மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் திருகாணி போட்டுச் சரிசெய்தார். கவுண்டிகளின் காலமாக இருந்தால் இந்த நர்ஸ் இந்தத் தீபகற்பத்துக்கு வந்திருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை கிங்ஸ்டன் உழவர் சந்தைக்குப் போனோம். மே மாதம் என்றால் ஃபிடில்ஹெட்: ஆற்றங்கரையில் முளைக்கும், இன்னும் விரியாத சுருள் பெரணித் தளிர். நன்றாக வேகவைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அம்மா வேகவைத்து வடித்து, கடுகு, மிளகாய் தாளித்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்வார். சந்தையில் நின்ற ஏழெட்டுப் பேரிடம் காப்பீட்டுக் கதையைச் சொன்னேன். மூன்று பேர் தங்கள் கடிதத்தைப் போய்ப் பார்க்கிறேன் என்றார்கள். அவர்களில் ஒருவருடைய கடிதத்திலும் அதே பிழை இருப்பதாக மாலையில் தகவல் வந்தது. அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போவதாக அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் திருத்திய காப்பீட்டுக் கடிதம் வந்தது. நகராட்சி என்ற கட்டத்தில் ‘கிங்ஸ்டன் பாரிஷ்’ என்று அச்சாகியிருந்தது. கட்டணம் கொஞ்சம் கூடியிருந்தது, இருக்கட்டும். அம்மா அதைப் பத்திரம் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.