கழிவுநீர்க் குழாய்க்கு எந்த ஏர் வால்வு?

சென்னை மாதிரித் தட்டையான ஊரில் சாக்கடை நீர் முழுத் தூரமும் தானாக ஓடிப் போகாது. ஒவ்வொரு உந்து நிலையமாகத் தள்ளித்தான் கொடுங்கையூர் அல்லது பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த உந்து குழாய் எங்கெல்லாம் மேடேறி இறங்குகிறதோ, அங்கெல்லாம் காற்று தங்கும். தண்ணீர் போகும் வழி குறுகி, அதே அளவைத் தள்ள மோட்டார் கூடுதல் நேரம் ஓட வேண்டிவரும். கழிவுநீரில் இன்னொரு வம்பும் உண்டு: காற்றோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். ஈரமான குழாய்ச் சுவரில் வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்க, இரும்பும் சிமென்ட்டும் குழாயின் உள் உச்சியில் அரித்துப்போகும்.

இதற்கு, தேங்கும் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் தகராறு.

விலையை மட்டும் பார்ப்பவர்கள் குடிநீர்க் குழாய்க்கான இரட்டைப் பந்து வால்வையே கேட்பார்கள்; நீர் ஏறினால் பந்து மிதந்து காற்றுத் துளையை அடைக்கும் வகை அது. கடையில் கிடைக்கும், எல்லா பிட்டருக்கும் பழக்கம். ஐ.எஸ். 14845 என்ற இந்தியத் தர எண்ணையும் டெண்டரில் போட்டுவிடலாம். ஆனால் அந்தத் தரம் குடிநீர் வழங்கல் பணிக்கானது. கழிவுநீரில் இந்த வால்வின் உடல் குட்டையாக இருப்பதுதான் சிக்கல். அழுக்குநீர் நேராகப் பந்தையும் அது அமரும் ரப்பரையும் தொடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும் துணி நூலும் சிக்கினால் பந்து சரியாக உட்காராது, வால்வு கக்கும். சாலையில் சாக்கடை பொங்குகிறது என்று புகார் வந்ததும் யாராவது அடியில் குழாயோடு இணைக்கும் ஸ்லூயிஸ் வால்வை (திருகி மூடும் அடைப்பானை) மூடிவிடுவார்கள். அதோடு கதை முடிந்தது. வால்வு இருந்தும் இல்லாததுதான்.

கழிவுநீருக்கென்றே செய்த வால்வு நெட்டையானது, பெரும்பாலும் அடி அகன்ற கூம்பு வடிவம். மிதவை கீழே, துளையை மூடும் அடைப்பு மேலே, இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். நடுவில் சிறைப்பட்ட காற்று, அழுக்குநீரை அடைப்புவரை ஏறவிடாது. பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஒரு துளையும் இருக்கும். விலை அதிகம், உயரத்துக்கு ஏற்ப, வால்வு இருக்கும் குழியான சேம்பரையும் ஆழமாகக் கட்ட வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், சேம்பருக்குள் இறங்கும் ஆள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தேங்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஒரு வால்வை எத்தனை தடவை கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, சிறு துளை வால்வா, கூட்டு வால்வா? சிறு துளை வால்வு, ஓட்டத்தின்போது சேரும் காற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேற்றும், அவ்வளவுதான். திடீரென்று கரண்ட் போய் பம்ப் நின்றால் மேட்டில் வெற்றிடம் உண்டாகும். மெல்லிய சுவர்க் குழாய் சப்பிப்போகலாம், வெற்றிடத்தால் இரண்டாகப் பிரிந்த நீர் திரும்ப மோதும்போது குழாய் வெடிக்கவும் கூடும். அங்கே காற்றை வேகமாக உள்ளே இழுக்கும் பெரிய துளையும் உள்ள கூட்டு வால்வு வேண்டும். பெரிய துளை படாரென்று மூடினால் அதுவே அதிர்ச்சி அலையைக் கிளப்பும் என்பதால், நீர் நெருங்கும்போது வெளியேற்றத்தை முன்கூட்டியே குறைக்கும் மூன்றுகட்ட வகைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். சமதளத்தில் ஓடும் குட்டைக் குழாய்க்கு அது வீண் செலவு.

உலோகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எபாக்சி பூசிய வார்ப்பிரும்பில் பூச்சு உரிந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கும், திருட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். கண்ணாடியிழை கலந்த நைலான் எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் முரட்டு ஸ்பானர் பட்டால் மறை போய்விடும். அழுத்தம் குறைவான நகரக் குழாய்க்கு நைலானே போதும்.

வால்வே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். குழாயை உந்து நிலையத்திலிருந்து இறுதி மேன்ஹோல் வரை இறக்கமே இல்லாமல் ஏறுமுகமாகப் பதித்தால், நின்றுபோகக் காற்றுக்கு இடமே இல்லை. புதுக் குழாய் என்றால் முதலில் இதற்கு வழி உண்டா என்று வரைபடத்தைப் பார்ப்பேன். ஏற்கெனவே கூவத்தையும் ரயில் பாதையையும் தாண்டி மேலும் கீழுமாகப் போகிற குழாய்க்கு இந்த யோசனை உதவாது.