ராவோனுக்குக் குளுவாக்: ஓட்டோடு வாங்குவதா, உடைத்த பருப்பாக வாங்குவதா?

கிழக்கு ஜாவாவின் கரிய மாட்டிறைச்சிச் சாறான ராவோனைச் சமைக்க முனைவோர், அதற்கு நிறமும் சுவையும் தரும் குளுவாக் விதையை எவ்வடிவில் வாங்குவது என்று தயங்குவதுண்டு. எவ்வடிவானாலும் அது பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். பச்சைக் காயிலும் விதையிலும் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும். விதைகளை வேகவைத்து, சாம்பல், வாழையிலை, மண் கொண்டு மூடி வழக்கமாக 40 நாள் புதைத்து வைத்தால் நஞ்சு நீங்கி, வெளிர்ந்த பருப்பு கறுக்கிறது. இதை வீட்டில் முயலவே கூடாது.

வேலை: ஓட்டு விதையைத் தட்டி உடைத்துச் சுரண்ட வேண்டும், பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் போதும்.

இருப்பு: தடித்த ஓடு நெடுநாள் காக்கும், உடைத்த பருப்பை விரைவில் தீர்க்க வேண்டும்.

செலவு: ஓட்டோடு வாங்கினால் ஓட்டின் எடைக்கும் உள்ளே கெட்டவற்றுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம், பருப்பில் அந்தக் கழிவு இல்லை.

சுவை: உண்மையான வேறுபாடு இங்கேதான். குலுக்கும்போது உள்ளே பருப்பு ஆடும் விதைகளைப் பொறுக்கியெடுத்து, உடைத்தபின் ஒவ்வொன்றையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக் கசப்பதை விலக்கலாம்; ஒரு கசந்த விதையே பானை முழுவதையும் கெடுத்துவிடும். கலந்து விற்கும் பருப்பில் இவ்வாறு பிரித்தெடுப்பது கடினம்.

ஆகவே, ராவோனின் சுவையில் விட்டுக்கொடுக்க விரும்பாதோர்க்கு ஓட்டு விதையே ஏற்றது. மலேசிய, சிங்கப்பூர்ப் பகுதிகளின் சீன வம்சாவளியினரான பெரனாக்கான் மக்கள் இதே விதையைக் கொண்டு சமைக்கும் கோழிக் குழம்பான ஆயாம் புவா கெலுவாக்கிற்கோ, அரைத்த விழுதை மீண்டும் ஓட்டிலேயே அடைப்பதால், வேறு வழியே இல்லை. நேரம் குறைந்த வார நாள் சமையலுக்குப் பருப்பு போதும்.