தாண்டிக்குடி மலைக்குக் காங்கேயமா, புலிக்குளமா, பர்கூரா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் வட்டாரங்களில் காப்பியும் மலைவாழையும் மிளகும் வைத்திருப்பவர்கள் நாட்டு மாடு வாங்க முனையும்போது, பெரும்பாலும் காங்கேயம் காளையின் படத்தைப் பார்த்து மயங்கியே முடிவெடுக்கிறார்கள். தோட்டத்துக்குச் சாண எரு வேண்டும், கண்காட்சியில் பெருமையாகக் கயிறு பிடித்து நிற்க வேண்டும், விற்கும் நாளில் அடிமாட்டு விலைக்குப் போய்விடவும் கூடாது என்று மூன்று எதிர்பார்ப்புகளையும் ஒரே மாட்டின் மீது ஏற்றுவதால், எந்த இனம் எதைத் தரும் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. பாலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஓர் ஈற்றுக்குக் காங்கேயம் சராசரியாக 540 கிலோவும் பர்கூர் ஏறத்தாழ 350 கிலோவும்தான் கறக்கும்; கன்று குடித்தது போக வீட்டுச் செலவுக்கு ஆகுமே தவிர, சொசைட்டிக்கு ஊற்ற மிஞ்சாது.

கண்காட்சிக் களத்தைப் பொறுத்தவரை காங்கேயத்தை மிஞ்ச வேறொன்று இல்லை. செந்நிறமாகப் பிறக்கும் கன்று ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறி, காளையாக வளர்ந்ததும் தலை, திமில், முன்சப்பை, பின்தொடை ஆகிய இடங்களில் கருமை ஏறி நிற்கும்; காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளிறிவிடும் என்பதால், பரிசுக்கு நிறுத்த நினைப்பவர் பொலிகாளையாகவே வைத்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. கொம்புகள் வெளிப்புறமாக வளைந்து பின்னோக்கிச் சென்று நுனியில் ஏறத்தாழ வட்டமாகக் கூடுகின்றனவா, திமில் ஒருபக்கம் சாயாமல் நிற்கிறதா, நடையில் தடுமாற்றம் உண்டா என்பவை முதலில் பார்க்கப்படும். வயதைப் பல்லைப் பிடித்தே கணக்கிடுவார்கள். மயிர்ச் சுழிக்கும் மேய்ச்சலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றாலும், முதுகில் பூரான் வடிவில் ஏறுமுகமாக அமைந்த ஏறுபூரான் சுழிக்கு விலை கூடுவதும் இறங்குமுகமான இறங்குபூரானைக் கண்டால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவதும் இன்றைக்கும் நடப்பதுதான். எனவே வாங்கும்போதே முதுகைத் தடவிப் பார்த்துவிடுவது பணத்துக்குப் பாதுகாப்பு.

ஆனால் அந்த உடற்கட்டு உருவான இடம் கொறங்காடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தை, வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் நனைந்து கிடக்கும் நம் சரிவுகளில் உண்டாக்க முடியாது. ஈரத்தரையில் கட்டிய மாட்டுக்குக் குளம்பு அழுகல் வருகிறது; உண்ணியும் விடுவதில்லை. கல் பாவிய கொட்டகையும் வெளியிலிருந்து வரும் தீவனமும் இல்லாமல் இங்கே காங்கேயத்தைக் களத்துக்குரிய உடலோடு வைத்திருப்பது கடினம் என்பதே என் கணிப்பு.

புலிக்குளம் வேறு வகை. சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் ஊரின் பெயரைத் தாங்கிய இந்த மாடு, மதுரை, தேனிப் பக்கங்களிலும் பெருங்கூட்டமாகக் கிடை போட்டு வளர்க்கப்படுவது, கொட்டகையே அறியாதது, பகலில் மேய்ந்து, இரவில் அடுத்தவர் வயலில் அடைந்து, போடும் சாணத்துக்கே கூலி பெற்றுத் தருவது. உருவம் சிறியது, செலவும் குறைவு. எருவையே முதன்மையாகக் கருதும் தோட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றாலும், காப்பிச் செடிகளுக்கு இடையே கிடை போட இயலாது. ஒதுக்குப்புறத்தில் பட்டி அடைத்து எருவைச் சுமந்துதான் போட வேண்டும். மலைதானே, காட்டில் மேய்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள், 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லையையும், காட்டு மேய்ச்சல் குறித்து 2022-இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையையும் விசாரித்துவிட்டே மாடு பிடிக்க வேண்டும்.

இதன் முரட்டுக் குணம் விற்பனையில் வரவாகவும் கண்காட்சியில் இடைஞ்சலாகவும் அமைகிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஜல்லிக்கட்டு தடையின்றி நடப்பதால், துடியான காளைக்கன்று அடிமாடாகப் போகாமல் வாடிவாசலுக்குப் போகிறது. அதே கன்று கூட்டத்துக்கு நடுவே அசையாமல் நிற்கப் பழகுவதற்குள் பிடிப்பவரின் தோள் கழன்றுவிடும். மூக்குப் பகுதி, கண், முதுகு, வால்குஞ்சம் ஆகிய இடங்களில் தெரியும் செம்பழுப்புப் புள்ளிகள் இந்த இனத்தின் அடையாளம். காங்கேயத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை குறையாகத் தோன்றக்கூடும்.

பர்கூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்பழுப்பில் வெள்ளை தெளித்த அதன் நிறம் எவரையும் நிறுத்திப் பார்க்க வைக்கும். மலை ஏற இறங்க அதன் காலுக்கு ஈடில்லை. ஆயினும் அந்தியூர்க் காட்டோரப் பட்டிகளில் கூட்டமாக வளர்ந்த அதை ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து தொழுவில் கட்டினால் எளிதில் வசப்படாது. சினைக்கு அதே இனக் காளையும் இங்கே அருகில் கிடைக்காது.

நான் பரிந்துரைப்பது இரண்டு புலிக்குளம் கிடாரிகள். புலிக்குளம் காளையை வளர்த்துக் கண்காட்சிக் களத்துக்குக் கொண்டுபோக விரும்பினால், நடத்துபவர்களிடம் இனவாரியாகப் பரிசு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டு மாடு என்று ஒரே பிரிவுதான் என்றால், காங்கேயத்தின் பக்கத்தில் நிறுத்துவதற்காக அதை வத்தலக்குண்டு வரை வண்டியில் இறக்கும் செலவு வீண்.